கோணல் லூப்தான் சரியான லூப்! கடலூர் முதுநகர் பட்டறையில் செய்து பார்த்தாச்சு

வணக்கம் மக்களே! சுற்றிவிட்டது! குண்டு விழாமல் முழுசாகச் சுற்றிவிட்டது! ரோலர் கோஸ்டரில் வண்டி தலைகீழாகச் சுற்றி வருமே, அந்த லூப்பைத்தான் கம்பியில் செய்து பார்த்தேன். முதலில் அதைக் காட்டிவிடுகிறேன், பேச்செல்லாம் அப்புறம்.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். இது நாலு எம்எம் கம்பி. இரண்டு கம்பி இணையாகப் போகிறது, நடுநடுவே குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்திருக்கிறது. இடது பக்கம் இருக்கிற லூப் சுத்தமான வட்டம். வலது பக்கம் இருப்பது கீழே அகலமாக ஆரம்பித்து மேலே போகப் போகக் குறுகும் லூப். இரண்டுக்கும் உயரம் ஒன்றுதான், 30 சென்டிமீட்டர். கையில் இருப்பது பால்ரஸ் குண்டு, பழைய லாரி பேரிங்கிலிருந்து எடுத்தது. இப்போது 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வட்டத்துக்குள் விடுகிறேன். பார்த்தீர்களா, உச்சியைத் தொடுவதற்குள் கம்பியை விட்டுக் கழன்று கீழே விழுந்துவிட்டது. அதே குண்டு, அதே 45 சென்டிமீட்டர், இப்போது வலது பக்கம். போயிடுச்சு! உச்சியில் கூட கம்பியை விடவில்லை. ஸ்லோ மோஷனில் இன்னொரு தடவை போடுகிறேன். இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றால், போன மாதம் போட்ட ரோலர் கோஸ்டர் வீடியோவுக்குக் கீழே வந்த ஒரு கமெண்ட். அதுதான், வண்டியை விட்டு இறங்கி வந்து காது வலிக்கிறது என்று புலம்பினேனே, அந்த வீடியோ. "லூப் கோணலா இருக்கு, வட்டமா கட்டத் தெரியாதவங்க கட்டியிருக்காங்க, இதுல ஏறலாமா" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, ஒருவர் கேட்டார், பரவாயில்லை. அதற்குக் கீழே வரிசையாக ஆமாம் ஆமாம் என்று பதில். எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தக் கோணல் தெரியாமல் வந்ததில்லை மக்களே. அதைக் கண்டுபிடிக்க எண்பது வருடம் ஆனது. கோணலாக இருப்பதால்தான் நம்மால் அதில் உட்காரவே முடிகிறது.

1895இல் நியூயார்க்கில், கோனி தீவில், ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே என்று ஒரு வண்டி ஓடியது. அதில் லூப் சுத்தமான வட்டம். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஏறினவர்களுக்குக் கழுத்து போனது. உடம்பின் எடையைப் போல 12 மடங்கு அழுத்தம் வந்ததாகச் சொல்கிறார்கள். அதே ஊரில் 1901இல் லூப் த லூப் என்று இன்னொன்று கட்டினார்கள். எட்வின் பிரெஸ்காட் என்பவர் வட்டத்தை விட்டுவிட்டு நீள்வட்டமாகக் கட்டினார். கழுத்துக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஒரு தடவைக்கு ஒரு சில பேர்தான் போக முடியும், கட்டுப்படியாகவில்லை. அதோடு தலைகீழ் லூப்பையே ரொம்ப காலத்துக்குக் கைவிட்டார்கள்.

வட்டத்தில் என்ன குறை? நேரான பாதையில் போய்க்கொண்டிருக்கும்போது உங்கள் எடை உங்கள் எடைதான். வட்டம் ஆரம்பிக்கிற அந்த இடத்தில் பாதை திடீரென்று வளைகிறது. பள்ளியில் படித்த கணக்குதான், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், உச்சியில் விழாமல் தாண்டுவதற்கு வேண்டிய குறைந்த வேகத்தோடு வட்டத்துக்குள் நுழைந்தால், அடியில் உங்கள் எடை ஆறு மடங்காகிறது. 50 கிலோ ஆள் 300 கிலோவாக சீட்டில் அமுங்குவார், அதுவும் ஒரே நொடியில். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், வட்டத்தைச் சின்னதாகக் கட்டினாலும் பெரிதாகக் கட்டினாலும் அந்த ஆறு மடங்கு மாறாது. பெரிதாகக் கட்டினால் அதிக வேகம் வேண்டும், இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். அதனால் வட்டத்தை வைத்துக்கொண்டு தப்பிக்க வழியே கிடையாது.

வழி என்னவென்றால், அடியில் ஆரத்தைப் பெரிதாக வைக்க வேண்டும், மேலே போகப் போக ஆரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அடியில் வேகம் அதிகம், ஆனால் வளைவு மெல்லியது, அழுத்தம் அடங்குகிறது. உச்சியில் வேகம் குறைவு, அதனால் வளைவைக் குறுக்கிவிட்டால் சீட்டோடு ஒட்டிவைக்க அந்த வேகமே போதும். இந்த வளைவுக்கு கிளாத்தாய்டு என்று பெயர். ரயில் பாதையில் இதை வெகு காலமாகவே வைத்திருக்கிறார்கள். நம் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் வளைவுக்குள் போகும்போது யாரும் தூக்கி எறியப்படுவதில்லையே, நேர்ப்பாதைக்கும் வளைவுக்கும் நடுவில் இப்படி ஒரு துண்டு இருப்பதால்தான். அதைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தி வானத்தைப் பார்த்து நிறுத்தினவர்கள் ஜெர்மனிக்காரர்கள் இருவர். கட்டினவர் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்காஃப், கணக்குப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல். வண்டியின் பெயர் ரெவல்யூஷன். கலிஃபோர்னியாவில் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 1976 மே 8இல் திறந்தது. அப்படியென்றால் 2026 மே மாதத்தோடு அந்த லூப்புக்கு 50 வயது.

இருங்கள், ரெவல்யூஷனுக்கு முன்னால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு ஓடுகிறேன். பைப்! பைப்பைச் சொல்லாமல் லூப்பைச் சொல்லக் கூடாது.

ஆரம்பத்தில் எல்லாம் மரம். 1884இல் கோனி தீவில் லாமார்கஸ் தாம்ஸன் போட்ட ஸ்விட்ச்பேக் ரயில்வே மரம்தான், ஒரு சவாரிக்கு ஐந்து சென்ட். அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் மரமே. பலகைகளை அடுக்கி, மேலே தட்டையான இரும்புப் பட்டை அடித்து, அதன்மேல் சக்கரம் ஓடும். மரத்தை இறக்கத்துக்கும் திருப்பத்துக்கும் வளைக்கலாம். தலைகீழாக முறுக்கச் சொன்னால் ரொம்பக் கஷ்டம். 1959 ஜூன் 14ஆம் தேதி டிஸ்னிலாண்டில் மேட்டர்ஹார்ன் பாப்ஸ்லெட்ஸ் திறந்தார்கள். ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை நூற்றில் ஒரு பங்காகச் செய்த பொம்மை மலை, 147 அடி. அதற்குள் வளைந்து வளைந்து ஓடும் பாதை எஃகுக் குழாய். உலகத்தில் குழாய்த் தண்டவாளத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர் அதுதான். செய்தது ஆரோ டெவலப்மென்ட் என்ற சின்ன கம்பெனி. அதில் எட் மார்கன், கார்ல் பேக்கன் என்று இரண்டு பேர்.

குழாயில் அப்படி என்ன என்று கேட்காதீர்கள், இப்போது காட்டப்போகிறேன். அதற்குத்தான் முதுநகருக்குப் போனேன்.

பைப் வாங்கின கதையைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு வேண்டியது ஆறடி. ஒரு இஞ்ச், 16 கேஜ் தடிமன், எம்எஸ் பைப், அதாவது மைல்டு ஸ்டீல், சாதா இரும்புக் குழாய். கடையில் துண்டாகத் தர மாட்டார்களாம், முழு லெந்த் 20 அடிதான். கிலோ 78 ரூபாய், ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய, 450 ரூபாய் ஆயிற்று. சரி, வாங்கிவிட்டேன். ஸ்கூட்டியில் 20 அடியை எப்படி எடுத்துப்போவது? மூன்றாக வெட்டித் தாருங்கள் என்றேன். ஒரு வெட்டுக்கு 30 ரூபாய் என்றார்கள். இரண்டு வெட்டு, 60 ரூபாய். கட்டிங் மெஷின் கடைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த ஆளுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், 450 ரூபாய்க்குப் பொருள் வாங்கியிருக்கிறேன், அதை வெட்டித் தர 60 ரூபாயா? எனக்குப் பொருளின் விலை பிரச்சினையே இல்லை. இந்த மாதிரி மேலே மேலே ஒட்டவைக்கிற காசுதான் பிடிக்கவே பிடிக்காது. பூங்காவில் லாக்கருக்குத் தனிக் காசு வாங்கியபோதும் இதையேதான் சொன்னேன், பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசியில் பட்டறை அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "வெட்டாத, அப்படியே வெச்சிட்டு வா தங்கச்சி, நம்ம வண்டி அந்தப் பக்கம் வரும், ஏத்திக்கிறேன்" என்றார். 60 ரூபாய் மிச்சம். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் டீயும் போண்டாவும் ஆயிற்று.

இந்தப் பட்டறை அண்ணன் துறைமுகத்துப் பக்கம் படகுகளுக்குக் கைப்பிடிக் குழாய் வளைப்பவர். முகத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் கையை மட்டும் காட்டுகிறேன். கையே போதும், அவ்வளவு அழகான வேலை. முதலில் சும்மா ஒரு துண்டை முட்டுக்கொடுத்து வளைத்தார். பாருங்கள், வளைவின் உள்பக்கம் நசுங்கி மடிந்துவிட்டது. இப்படி ஒரு நசுங்கல் தண்டவாளத்தில் இருந்தால் சக்கரம் ஒவ்வொரு தடவையும் அதில் துள்ளும். அடுத்த துண்டை எடுத்தார். ஒரு முனையில் மரக்கட்டை அடித்து அடைத்தார். காயவைத்துச் சலித்த மணலை உள்ளே கொட்டினார். கொட்டக் கொட்டச் சுத்தியலால் குழாயின் வெளியே தட்டிக்கொண்டே இருக்கிறார். தட்டினால் மணல் இறங்குகிறது, மேலே மறுபடியும் கொட்டுகிறார். சத்தம் மாறும் வரைக்கும் விடவில்லை. முதலில் கணீர் என்று கேட்டது, கடைசியில் மொத்து மொத்து என்று கேட்டது. அப்போதுதான் அடுத்த முனையை அடைத்தார். மணலில் ஈரம் இருக்கவே கூடாது, சூடு பண்ணும்போது ஆவி அடைப்பைப் பிடுங்கி அடிக்கும் என்றார். வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள். அப்புறம் கேஸ் நெருப்பில் சிவக்கக் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். இதோ அந்தத் துண்டு. விரலை ஓட்டிப் பார்க்கிறேன், ஒரு மடிப்பு இல்லை, உருண்டை உருண்டையாகவே இருக்கிறது. இந்தத் துண்டை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

இப்போது குழாயின் மகிமை புரியும். உருண்டையாக இருப்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைக்கலாம், முறுக்கலாம். எந்தக் கோணத்தில் முறுக்கினாலும் சக்கரத்துக்கு அது ஒரே மாதிரிதான். ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று வகைச் சக்கரம். மேலே ஓடுவது எடையைத் தாங்க. பக்கவாட்டில் இருப்பது திருப்பத்தில் பிடிக்க. அடியில் இருப்பது பெட்டி மேலே எழும்பாமல் இருக்க. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் 1919லேயே, மர வண்டிக் காலத்திலேயே, காப்புரிமை வாங்கிவிட்டார். மூன்றும் சேர்ந்து குழாயைச் சுற்றிக் கவ்விக்கொள்கின்றன. அதனால் தண்டவாளத்தை விட்டுப் பெட்டி கழல்வது என்ற பேச்சே இல்லை. என்னுடைய குண்டு கழன்று விழுந்ததற்குக் காரணம் அதற்கு அடிச்சக்கரம் கிடையாது, அவ்வளவுதான். இதையும் கமெண்டில் யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஒரு ரோலர் கோஸ்டரை மர வண்டி என்பதா எஃகு வண்டி என்பதா என்றும் ஒரு சண்டை நடந்தது கமெண்டில். தாங்கி நிற்கிற கால்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தண்டவாளத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் சீடர் பாயிண்ட் பூங்காவில் ஜெமினி என்று ஒன்று இருக்கிறது, 1978இல் வந்தது. கால் எல்லாம் மரம், ஓடுவது எஃகுக் குழாயில். அது எஃகு வண்டிதான்.

மணலைப் பற்றி இன்னொன்று. பொலிகர் அண்ட் மாபிலார்டு என்று ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று, 1988இல் ஆரம்பித்தது. அவர்களுடைய வண்டி வந்தால் ஒரு உறுமல் கேட்கும், அதைக் கேட்பதற்காகவே பூங்காவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் வீடுகள் இருந்தால் அந்த உறுமல் தொந்தரவு இல்லையா, அதனால் சில இடங்களில் தண்டவாளத்துக்கு உள்ளேயே மணலை நிரப்பிவிடுகிறார்கள். முதுநகரில் கணீர் மொத்து மொத்தாக மாறியதே, அங்கேயும் அதே கதைதான். அண்ணனிடம் இதைச் சொன்னேன், ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

சரி, 1975க்கு வருவோம். ஆரோ கம்பெனியே நாட்ஸ் பெரி ஃபார்ம் பூங்காவில் கார்க்ஸ்க்ரூ என்று ஒன்று போட்டது. திருகுபோல் முறுக்கிக்கொண்டு தலைகீழாகப் போகும், நம் காலத்தில் மக்களைத் தலைகீழாக ஏற்றிச்சென்ற முதல் எஃகு வண்டி. அந்தக் கம்பெனியில் பேர்போன வடிவமைப்பாளர் ரான் டூமர். அப்போலோ விண்கலத்தின் வெப்பக் கவசத்தில் வேலை செய்தவர். வண்டியில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும், ஆனாலும் வாழ்க்கை முழுக்க வண்டி செய்தார். சட்டை மாட்டும் கம்பியை வளைத்துத்தான் பாதையை முதலில் யோசிப்பாராம். நான் மேசையில் கம்பியை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தக் கார்க்ஸ்க்ரூ இப்போது ஐடஹோவில் சில்வர்வுட் பூங்காவில் இருக்கிறது.

ஆனால் ஆரோவின் பழைய வண்டிகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நேர்த்துண்டு, வட்டத்துண்டு, நேர்த்துண்டு என்று சேர்த்திருப்பார்கள். சேருகிற இடத்தில் ஒரு உதறல். தலை இந்தப் பக்கம் போகும், தோள் அந்தப் பக்கம் போகும். ஸ்டெங்கல் இந்த உதறலைத்தான் ஒழித்தார். வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகவே முடிய வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, பாதையைத் திருகும்போது தண்டவாளத்தை நடுவாக வைத்துத் திருகக் கூடாது, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சை நடுவாக வைத்துத் திருக வேண்டும் என்பது. தண்டவாளத்தை நடுவாக வைத்தால் தலைதான் வீசப்படும். நெஞ்சை நடுவாக வைத்தால் நீங்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கிறீர்கள், பாதைதான் உங்களைச் சுற்றிப் போகிறது. மனிதனை நடுவில் வைத்துக் கணக்குப் போட்ட அந்த யோசனைக்காகவே ஸ்டெங்கலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ரெவல்யூஷனில் 90 அடி உயர லூப். அதில் முதலில் மடிமேல் ஒரு கம்பி மட்டும்தான் பிடிமானம், தோளில் எதுவும் கிடையாது. லூப்பில் போகும்போது நீங்கள் சீட்டை நோக்கித்தான் அழுத்தப்படுகிறீர்கள், அதனால் அதுவே போதும். பிறகு 1990களில் தோள்பிடி மாட்டினார்கள், காதில் இடிக்கிறது என்று எல்லோரும் திட்டினார்கள். 2016இல் அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் மடிக்கம்பி வைத்தார்கள். பார்த்தீர்களா, காது வலி எனக்கு மட்டும் இல்லை! தோள்பிடியைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. பாதை நன்றாக இருந்தால் மடிக்கம்பி போதும், பாதை உதறினால் எவ்வளவு பெரிய தோள்பிடி போட்டாலும் அது நம் காதைத்தான் அடிக்கும்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் ராட்சத ராட்டினமும் கொலம்பஸும் வரும், ஒரு குட்டி டிராகன் ரயிலும் வரும். அதற்கு மேலே வராதா என்று கேட்கிறீர்கள். ஷ்வார்ட்ஸ்காஃப் இந்த ஆசைக்காகவே வாழ்ந்தவர். கழற்றி, லாரியில் ஏற்றி, அடுத்த ஊரில் மாட்டுகிற மாதிரி லூப் வண்டிகள் செய்தார். அதில் பெரியது 1989இல் வந்த ஒலிம்பியா லூப்பிங். ஐந்து லூப், ஒலிம்பிக் வளையங்களின் ஐந்து நிறத்தில். மியூனிக் திருவிழாவுக்கு வரும், முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஐந்து லூப் வண்டி ஒன்று ஊர் ஊராகப் போகிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. இரும்புக் குழாயாக இருப்பதால்தான் அது முடிகிறது. பட்டறையில் துண்டு துண்டாகச் செய்து, போல்ட் போட்டு மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டலாம்.

அமெரிக்காவில் இருந்த கிங்டா கா ரோலர் கோஸ்டரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். 2005இல் வந்தது, 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர். 2025 பிப்ரவரி 28இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். உயரம் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே போய்க் கீழே வருவதைத் தவிர அதில் பாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 90 அடி லூப்பா, 139 மீட்டர் கோபுரமா என்றால் எனக்கு லூப்தான்.

பிரேக்கைச் சொல்ல மறந்தேவிட்டேன்! இப்போது வருகிற வண்டிகளில் பெரும்பாலும் காந்த பிரேக். தண்டவாளத்தில் நிலைக்காந்தம் வரிசையாக இருக்கும், பெட்டிக்கு அடியில் செம்பு அல்லது அலுமினியத் தகடு இருக்கும். சில வண்டிகளில் மாற்றி வைத்திருப்பார்கள். தகடு காந்தத்துக்கு நடுவே பாயும்போது அதற்குள் மின்னோட்டம் சுழன்று, அதுவே வண்டியை எதிர்த்துப் பிடிக்கும். தொடவே தொடாது, கரண்ட் போனாலும் வேலை செய்யும். வேகம் குறையக் குறைய அந்தப் பிடியும் குறைந்துவிடும், அதனால் கடைசியில் நிறுத்துவதற்கு மட்டும் வேறு பிரேக் வேண்டும். இதை வீட்டிலேயே காட்டலாம். ஒரு செம்புக் குழாய்க்குள் பட்டன் காந்தத்தைப் போட்டால் மெதுவாக மிதந்து இறங்கும். புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஏசி குழாய் விற்கிற கடையில் ஒன்றரை அடித் துண்டு சொல்லிவைத்திருக்கிறேன். அவர்கள் துண்டாகவே தருகிறார்கள், வெட்டுக்கூலியும் கேட்கவில்லை. வந்ததும் செய்து போடுகிறேன்.

மீதி 14 அடி எம்எஸ் பைப் பட்டறையில்தான் இருக்கிறது. அதில் ஒரு முழு கிளாத்தாய்டைக் குழாயிலேயே வளைக்க அண்ணன் ஒத்துக்கொண்டார். எந்த இடத்தில் எவ்வளவு ஆரம் என்ற அளவுத்தாளை நான் போட்டுக்கொடுக்க வேண்டும். கணக்கு நன்றாக வருகிறவர்கள் யாராவது அதைச் சரிபார்த்துத் தர முடியுமென்றால் கீழே எழுதுங்கள். பார்க்கலாம் மக்களே.